கன்சோலில் ஃபயர்வால் லாக் காணவில்லையா? அறிகுறி பார்த்துத் தேடும் முறை

வேலூரில் தலைமை அலுவலகம், ஆம்பூரிலும் ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆலை, குடியாத்தத்தில் கிடங்கு. இடத்துக்கு ஒரு ஃபயர்வால் (நெட் போக்குவரத்தை வடிகட்டும் பெட்டி). எல்லா லாக்கும் (எது போனது, எது தடுக்கப்பட்டது என்ற பதிவு) வேலூரில் இருக்கும் ஒரே கன்சோலுக்கு வந்து சேர வேண்டும். இந்தப் பக்கத்து நிறுவனங்களில் பல இப்படித்தான் அமைத்திருக்கின்றன. லாக் நின்றுபோனால் யாருக்கும் வேலை கெடாது, யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஆடிட்டர் கேட்கும் நாளில்தான் வெளியே வரும், இல்லையென்றால் ஒரு மெஷினில் ரான்சம்வேர் ஏறிய பிறகு.

கீழே உள்ளவை ஃபோர்ட்டிகேட்–ஃபோர்ட்டிஅனலைசர், பாலோ ஆல்ட்டோ–பனோரமா (முதல் பெயர் ஃபயர்வால், அடுத்தது அதன் கன்சோல்), செக் பாயின்ட் ஆகிய மூன்றுக்கும் எழுதப்பட்டவை. வேறு பிராண்டு வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். மெனுவின் பெயர் மட்டும் மாறும்.

முதல் 10 நிமிடம்: ரீபூட் வேண்டாம்

கை தானாக ரீபூட் பட்டனுக்குப் போகும். போக விடாதீர்கள். ஃபோர்ட்டிகேட் 40எஃப், 60எஃப் போன்ற சிறிய பெட்டிகளில் லாக் எழுத டிஸ்க் கிடையாது, மெமரியில்தான் நிற்கும். ரீபூட் ஆனதும் காணாமல் போன லாக்கும் அழியும், ஏன் நின்றது என்று சொல்லும் சிஸ்டம் ஈவன்ட்டும் சேர்ந்து அழியும். லாக் திரும்ப வர ஆரம்பித்தாலும் காரணம் தெரியாது. அடுத்த வாரம் மறுபடி நிற்கும்.

அதற்குப் பதில் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, கிளை ஃபயர்வாலின் சொந்தப் பக்கத்தில் கடைசி 10 நிமிட லாக். ஃபோர்ட்டிகேட்டில் ஒரு பொறி உண்டு: லாக் பக்கத்தின் மேல் மூலையில் லாக் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று இருக்கும். அது ஃபோர்ட்டிஅனலைசர் என்று இருந்தால் நீங்கள் பார்ப்பது பெட்டியின் லாக் அல்ல, கன்சோலில் இருப்பதையே சுற்றிப் பார்க்கிறீர்கள். மெமரி அல்லது டிஸ்க் என்று மாற்றிவிட்டுப் பாருங்கள்.

இரண்டு, கன்சோலின் டிவைஸ் பட்டியலில் அந்தப் பெட்டியிலிருந்து கடைசியாக லாக் வந்த நேரம்.

பெட்டியில் லாக் இருக்கிறது, கன்சோலுக்கு வரவில்லை என்றால் கோளாறு வழியில்: அறிகுறி 1 அல்லது 2. பெட்டியிலேயே இல்லை என்றால் ரூலில் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்று ஃபயர்வாலுக்குச் சொல்லும் விதியில்): அறிகுறி 3, 4. இரண்டு பக்கமும் வந்துகொண்டுதான் இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை என்றால் 5, 6, 7.

ஃபோர்ட்டிகேட்டில் "டயக்னோஸ் லாக் டெஸ்ட்" என்ற கட்டளை எல்லா வகையிலும் மாதிரி லாக்கை உண்டாக்கி அனுப்பும். அது கன்சோலில் தெரிந்தால் வழி சுத்தம். ஓட்டுவதற்கு முன் கண்காணிப்பில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போலி வைரஸ் எச்சரிக்கை மேலாளரின் மெயிலுக்குப் போய்ச் சேரும்.

அறிகுறி 1: ஒரு கிளை மட்டும் அடியோடு இல்லை, மற்றவை சரி

*பெட்டி உயிரோடு இருக்கிறதா?*

கிளைக்கு ஒரு போன். "அண்ணே, ஆபீஸ் ரூம் அலமாரில வெள்ளைப் பெட்டி ஒண்ணு இருக்குல்ல, அதுல பச்சை லைட்டு எரியுதா, சும்மா பார்த்து மட்டும் சொல்லுங்க, எதையும் பிடுங்கிடாதீங்க." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் அவர் உதவி செய்கிறேன் என்று அடாப்டரைப் பிடுங்கிச் செருகிவிடுவார், நீங்கள் காப்பாற்றிய மெமரி லாக் அதோடு போயிற்று.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளா என்று பாருங்கள். காலையில் போன கரன்ட் மாலையில்தான் வரும். சின்ன யுபிஎஸ் அத்தனை நேரம் தாங்காது. வெயில் காலத்தில் இன்னொன்று: இந்தச் சிறிய பெட்டிகள் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்துக்கு ஏற்றவை. வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் வெளியிலேயே 40ஐத் தாண்டும். மூடிய இரும்பு அலமாரிக்குள் கேட்கவே வேண்டாம். மதியம் 1 மணியிலிருந்து 4 மணிக்குள் மட்டும் லாக் விட்டுவிட்டு வந்தால் முதலில் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

*கேபிள்*

தோல் பதனிடும் ஆலைகளுக்கென்று ஒரு கோளாறு. சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் சோடியம் சல்பைடு புழங்கும். அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். ஆர்ஜே45 முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: பின்கள் மஞ்சளாக மின்னாமல் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் அதுதான். இன்டர்ஃபேஸ் பக்கத்தில் வேகம் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டும், சிஆர்சி எரர் (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்) எண் ஏறிக்கொண்டே போகும். புது முனை கிரிம்ப் செய்தால் கொஞ்ச காலம் ஓடும். நிரந்தரத் தீர்வு, பெட்டியை அலுவலகப் பக்கம் நகர்த்துவது. ஸ்பிரே அடித்துத் துடைத்துவிட்டுப் போவது வேலையைத் தள்ளிப்போடுவதுதான்.

*லைன் மாறியிருக்கிறதா?*

அடிக்கடி வருவது, கண்ணில் படாதது இது. ஃபைபர் அறுந்ததும் கிளை 4ஜி டாங்கிளுக்குத் தாவிவிடும். நெட் ஓடும், ஊழியர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வேலூருக்கு வரும் விபிஎன் டனல் (இணையத்துக்குள் போகும் பூட்டிய தனிவழி) ஃபைபர் லைனில் மட்டும் கட்டப்பட்டிருந்தால், லாக் மட்டும் நிற்கும். 4ஜி லைன் மேலும் ஒரு டனல் கட்டுங்கள். 4ஜியில் நேரடிப் பொது ஐபி கிடைக்காததால் அழைப்பு கிளையிலிருந்து கிளம்பும்படி வையுங்கள். தலைமையகம் காத்திருக்கும் பக்கமாக இருக்கட்டும்.

*போர்ட்*

பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது என்பதை நம்பி இருக்க வேண்டாம். பிங் போகும், லாக் போர்ட் (லாக் நுழையும் எண்ணிட்ட வாசல்) மூடியிருக்கும். திறந்திருக்க வேண்டியவை: ஃபோர்ட்டிஅனலைசருக்கு டிசிபி 514, பனோரமாவுக்கு டிசிபி 3978, செக் பாயின்ட் லாக் சர்வருக்கு டிசிபி 257. இடையில் தலைமையக ஃபயர்வாலில் யாராவது ரூல் "சுத்தம்" செய்திருந்தால் இவைதான் முதலில் அடிபடும்.

ஃபோர்ட்டிகேட்டில் "எக்ஸிகியூட் லாக் ஃபோர்ட்டிஅனலைசர் டெஸ்ட்-கனெக்டிவிட்டி" கொடுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் வரியில் பதிவாகியிருப்பதாகவும், கனெக்ஷன் வரியில் அனுமதி என்றும், லாக் வரியில் அனுப்பவும் பெறவும் உரிமை உண்டு என்றும் வர வேண்டும். பாலோ ஆல்ட்டோவில் "ஷோ லாக்கிங்-ஸ்டேட்டஸ்": கடைசியாக உருவான லாக், கடைசியாக அனுப்பிய லாக், எதிர்முனை ஒப்புக்கொண்ட வரிசை எண் எல்லாம் வகைவாரியாக வரும். உருவான நேரம் ஓடிக்கொண்டிருந்து அனுப்பிய நேரம் நின்றிருந்தால் கோளாறு வழியில்தான்.

பனோரமாவில் தனி லாக் கலெக்டர் வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம்: ஃபயர்வால் பனோரமாவோடு இணைந்திருப்பதாகப் பச்சையாகக் காட்டும், லாக் போவதோ கலெக்டருக்கு. "ஷோ லாக்-கலெக்டர் ப்ரிஃபரன்ஸ்-லிஸ்ட்" காலியாக இருந்தால் அந்த ஃபயர்வாலை எந்தக் கலெக்டர் குரூப்பிலும் சேர்க்கவில்லை என்று பொருள். சேர்த்து, பனோரமாவில் கமிட் செய்து, கலெக்டர் குரூப்புக்கும் புஷ் செய்யுங்கள். இரண்டாவது புஷ்ஷை விடுபவர்கள்தான் அதிகம்.

*டனலுக்குள் எந்த ஐபியில் போகிறது?*

ஃபோர்ட்டிகேட்டின் டனல் இன்டர்ஃபேஸுக்கு ஐபி கொடுக்கவில்லை என்றால், பெட்டி தானே கிளப்பும் லாக் வேறொரு இன்டர்ஃபேஸின் ஐபியைப் போட்டுக்கொண்டு போகும். தலைமையக ரூலில் அந்த ஐபி இருக்காது, பாக்கெட் விழும். லேனில் (கிளையின் உள் நெட்வொர்க்கில்) இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கன்சோலுக்குப் பிங் போகிறது, பெட்டியிலிருந்து மட்டும் போகவில்லை என்றால் இதுதான். லாக் அமைப்பில் சோர்ஸ் ஐபியாகக் கிளையின் லேன் ஐபியைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

*இணைப்பு உண்டாகி உண்டாகி அறுந்தால்*

எம்டியூ. ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு அது. பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைக்கும்) லைனில் 1492 பைட். அதற்குமேல் ஐபிசெக் (டனலைப் பூட்டும் முறை) 50 முதல் 80 பைட் வரை தின்னும். சின்ன பாக்கெட் போகும், டிஎல்எஸ் சான்றிதழ் வரும் பெரிய பாக்கெட் விழுந்துவிடும். கிளையிலிருந்து டிஎஃப் பிட் (பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற குறி) போட்டு 1400 பைட் பிங் அனுப்புங்கள், போகாவிட்டால் 1350, 1300 என்று இறக்குங்கள். போகும் அளவு தெரிந்ததும் டனல் இன்டர்ஃபேஸின் எம்டியூவைக் குறையுங்கள். அல்லது தலைமையகப் பக்கத்து ரூலில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் தரவு மட்டும் பிடிக்கும் அளவை) 1300க்குக் கீழே வையுங்கள்.

*பெட்டி மாற்றியிருந்தால்*

வாரன்ட்டியில் வந்த மாற்றுப் பெட்டிக்கு சீரியல் எண் வேறு. பழைய கான்ஃபிகை ஏற்றினாலும் கன்சோலுக்கு அது அந்நியன். ஃபோர்ட்டிஅனலைசரில் அங்கீகரிக்காத டிவைஸ் பட்டியலில் காத்துக்கொண்டிருக்கும். பனோரமாவில் பழைய சீரியலைப் புதியதால் மாற்றும் கட்டளை கொடுக்க வேண்டும். செக் பாயின்ட்டில் எஸ்ஐசியை (பெட்டிக்கும் கன்சோலுக்கும் இடையிலான நம்பிக்கை இணைப்பை) மறுபடி ஏற்படுத்தி பாலிசியை இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

ஜோடியாக ஓடும் ஹெச்ஏ பெட்டிகளிலும் (ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும்) இதே கதை. பனோரமாவில் இரண்டு பெட்டியையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டலாம், தெரியாது. முதல் ஃபெயில்ஓவரில் லாக் நிற்கும்.

அறிகுறி 2: எல்லாக் கிளையும் ஒரே நிமிடத்தில் நின்றது

கிளைகளைத் தொடாதீர்கள். கோளாறு வேலூரில்.

டிஸ்க் நிறைந்ததா என்று முதலில் பாருங்கள். செக் பாயின்ட் லாக் சர்வரில் காலி இடம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் பழையதை அழிக்கவும் செய்யும், லாக் எழுதுவதை நிறுத்தவும் செய்யும், எப்படி அமைத்திருக்கிறீர்களோ அப்படி. கன்சோல் விஎம்மாக (மெய்நிகர் கணினியாக) ஓடினால் உள்ளே டிஸ்க் காலியாக இருந்தும் வெளியே டேட்டாஸ்டோர் (விஎம் வைத்திருக்கும் சேமிப்பிடம்) நிறைந்திருக்கலாம். அப்டேட்டுக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டை (விஎம்மின் அந்த நேரத்து நிலையின் பதிவை) அழிக்க மறந்தால் அது வளர்ந்துகொண்டே போய் விஎம்மையே நிறுத்திவிடும்.

அடுத்து, கன்சோலின் ஐபி மாறியதா, சான்றிதழ் காலாவதியா, உரிமத்தின் நாள்வாரி லாக் அளவைத் தாண்டியதா. பிறகு சர்வீஸ்: எதிர்முனையில் 514, 3978 அல்லது 257 கேட்கும் நிலையில் இருக்கிறதா. இங்கே மட்டும் கன்சோலின் லாக் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வதில் தவறில்லை, ஆனால் அதன் சொந்த ஈவன்ட் லாக்கை எடுத்து வைத்த பிறகு.

செக் பாயின்ட்டில் புது லாக் சர்வர் போட்டோ அமைப்பை மாற்றியோ விட்டு இன்ஸ்டால் டேட்டாபேஸ் கொடுக்கவில்லை என்றால் எல்லாம் அப்படியே நிற்கும். கேட்வே பக்கம் லாக் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று மாற்றினால் பாலிசியையும் இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

நின்ற நேரத்து லாக் திரும்பி வருமா? டிஸ்க் உள்ள பாலோ ஆல்ட்டோ விட்ட இடத்திலிருந்து அனுப்பும். செக் பாயின்ட் கேட்வே தன் டிஸ்க்கில் எழுதி வைத்திருக்கும், ஆனால் தானாக அனுப்பாது. அனுப்பும் நேரம் குறித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் லாக் சர்வரிலிருந்து ஃபெட்ச்லாக்ஸ் கட்டளையால் இழுக்க வேண்டும். நடப்புக் கோப்பை அது எடுக்காது. முதலில் லாக்ஸ்விட்ச் கொடுத்து அந்தக் கோப்பை மூடுங்கள். டிஸ்க் இல்லாத ஃபோர்ட்டிகேட்டில் மெமரி தாங்கிய அளவுதான். மிச்சம் போனது போனதுதான்.

அறிகுறி 3: டிராஃபிக் லாக் வருகிறது, செக்யூரிட்டி லாக் மட்டும் இல்லை

வழி சுத்தம் என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. நெட்வொர்க்கை நோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். வைரஸ், ஐபிஎஸ் (ஊடுருவல் தடுப்பு), வெப் ஃபில்டர் லாக் ஒன்று உண்டாகவே இல்லை, இல்லையென்றால் அனுப்பச் சொல்லவில்லை.

*ரூலில் ப்ரொஃபைல் (ஆன்டிவைரஸ், ஐபிஎஸ் போன்ற சோதனைத் தொகுப்பு) மாட்டியிருக்கிறதா?* அவசரத்துக்குப் போட்ட "தற்காலிக" ரூல் மேலே உட்கார்ந்திருக்கும், எல்லா டிராஃபிக்கும் அதில் போகும், அதில் ஆன்டிவைரஸும் இருக்காது ஐபிஎஸ்ஸும் இருக்காது. கீழே நீங்கள் அழகாகக் கட்டிய ரூலின் ஹிட் கவுன்ட் (எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்) பூஜ்யம். ஹிட் கவுன்ட் நெடுவரிசையை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தாலே பாதிப் பிரச்சினை தெரியும்.

*அனுமதி என்பதற்கும் கவனி என்பதற்கும் வித்தியாசம்.* ஃபோர்ட்டிகேட் வெப் ஃபில்டரில் ஒரு வகைக்கு "அலவ்" வைத்தால் லாக் வராது. "மானிட்டர்" வைத்தால் வரும். பாலோ ஆல்ட்டோவின் யூஆர்எல் ஃபில்டரிங்கிலும் அதேதான்: "அலவ்" லாக் எழுதாது, "அலர்ட்" எழுதும். பணியாளர் எந்தத் தளத்துக்குப் போனார் என்று கேட்கும்போது வெறும் பக்கம் வருவதற்கு முதல் காரணம் இது. எல்லா வகையையும் அலர்ட்டாக மாற்றுவதற்கு முன் கீழே அறிகுறி 6ல் உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். லாக் எண்ணிக்கை நன்றாகவே ஏறும்.

*பாலோ ஆல்ட்டோவில் லாக் ஃபார்வர்டிங் ப்ரொஃபைல்.* அதற்குள் டிராஃபிக், திரெட், யூஆர்எல், வைல்ட்ஃபயர் என்று வகைவாரியாக வரி போட வேண்டும். டிராஃபிக் வரி மட்டும் இருந்தால் மற்றவை பெட்டியிலேயே தங்கும். பிறகு அந்த ப்ரொஃபைலை ஒவ்வொரு ரூலிலும் மாட்ட வேண்டும். "டீஃபால்ட்" என்று சரியாகப் பெயர் வைத்தால் புதிதாகப் போடும் ரூலில் தானாக ஏறும். பழைய ரூல்களில் ஏறாது, அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

*எச்டிடிபிஎஸ்ஸுக்குள் பார்க்கிறதா?* சான்றிதழை மட்டும் பார்க்கும் அமைப்பில் கோப்புக்குள் இருக்கும் வைரஸ் தெரியாது. தெரியாததற்கு லாக் ஏது? சோதிக்க ஐகார் கோப்பு (ஆன்டிவைரஸைச் சோதிக்கவே உண்டாக்கிய மாதிரி) போதும். 68 பைட், ஆபத்து இல்லாதது. எச்டிடிபி வழியே இறக்கினால் லாக் வந்து, எச்டிடிபிஎஸ் வழியே இறக்கினால் வராவிட்டால் டீப் இன்ஸ்பெக்ஷன் (பூட்டிய போக்குவரத்தைத் திறந்து உள்ளே பார்ப்பது) இல்லை என்று உறுதி. அதை இயக்க எல்லா மெஷினிலும் ஃபயர்வாலின் சிஏ சான்றிதழை ஏற்ற வேண்டும். வங்கி, ஜிஎஸ்டி, டிஜிட்டல் கையொப்பம் ஓடும் தளங்களை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நேரத்தில் இதைத் தொடவே தொடாதீர்கள். கணக்குப் பிரிவு உங்களை நிம்மதியாக இருக்க விடாது.

*உரிமம்.* சந்தா முடிந்திருந்தால் ஐபிஎஸ் பழைய சிக்னேச்சரோடு ஓடும், வெப் வகைப்பாடு கிடைக்காது. புதுப்பிப்பதுதான் வழி. இந்த அறிகுறியில் பணம் கேட்கும் காரணம் இது ஒன்றுதான். அதனால் கடைசியில் பாருங்கள் என்று சொல்லத் தோன்றும், ஆனால் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும், முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 4: தடுத்தது தெரியவில்லை, அல்லது ஒரு ரூல் மட்டும் ஊமை

ரூல்களின் அடியில் இருக்கும் மறைமுக மறுப்பு மூன்று பிராண்டிலும் பேசாது. ஃபோர்ட்டிகேட்டில் இம்ப்ளிசிட் டினை லாக் இயல்பாக அணைந்திருக்கும். பாலோ ஆல்ட்டோவில் இன்டர்ஸோன், இன்ட்ராஸோன் டீஃபால்ட் ரூல்களை ஓவர்ரைடு செய்துதான் லாக்கை இயக்க முடியும். செக் பாயின்ட்டில் கடைசியில் ஒரு க்ளீன்அப் ரூலை நீங்களே எழுதி டிராக் நெடுவரிசையில் லாக் வையுங்கள்; புதிதாகப் போடும் ரூலுக்கு அங்கே இயல்பாக இருப்பது "நன்".

ஃபோர்ட்டிகேட் பாலிசியில் "செக்யூரிட்டி ஈவன்ட்ஸ்" என்று இருந்தால் சாதாரண செஷன் (ஒவ்வொரு இணைப்பின்) லாக் வராது. எல்லாம் வேண்டுமானால் "ஆல் செஷன்ஸ்". எல்லா ரூலுக்கும் போடாதீர்கள். வெளியுலகத்தைத் தொடுபவை, சர்வரைத் தொடுபவை போதும். டிஎன்எஸ்ஸுக்கு (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றும் சேவைக்கு) ஆல் செஷன்ஸ் போட்டால் அது மட்டுமே கன்சோலை மூழ்கடிக்கும்.

பாலோ ஆல்ட்டோ இயல்பாக செஷன் முடிந்ததும்தான் லாக் எழுதும். காலையில் திறந்த ஈஆர்பி இணைப்பு மாலையில் மூடும்வரை டிராஃபிக் லாக்கில் இருக்காது. அது பிழையல்ல; ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க செஷன் பிரவுசர் இருக்கிறது.

அறிகுறி 5: லாக் இருக்கிறது, ஆனால் நேரம் தவறு

வித்தியாசம் சரியாக 5 மணி 30 நிமிடமா? அப்படியென்றால் ஒரு பக்கம் இந்திய நேரம், மறுபக்கம் யூடிசி (உலகப் பொது நேரம்). "கடைசி 1 மணி நேரம்" என்று தேடினால் ஒன்றும் வராது, 12 மணி நேரம் என்று விரித்தால் வந்து நிற்கும். இரு பக்கமும் டைம்ஸோனைப் பாருங்கள். பனோரமாவில் உருவான நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டு நெடுவரிசையையும் அருகருகே வைத்தால் எந்தப் பெட்டி தவறு என்று கண்ணாலேயே தெரியும்.

வித்தியாசம் சில ஆண்டுகள் என்றால், நீண்ட மின்தடைக்குப் பிறகு கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கிறது. அப்போது சான்றிதழே செல்லாததாகி லாக் இணைப்பே நிற்கலாம். பார்ப்பதற்கு அறிகுறி 1 போல இருக்கும். என்டிபிக்கு (கடிகாரத்தை ஒத்துவைக்கும் சேவைக்கு) யூடிபி 123 திறந்திருக்கிறதா பாருங்கள். செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28ல் வெளியிட்ட உத்தரவு நிக் (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல்லின் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு கடிகாரத்தை ஒத்துவைக்கச் சொல்கிறது. நேர சர்வரைப் பெயரால் கொடுத்திருந்தால் டிஎன்எஸ் வேலை செய்கிறதா என்பதும் முக்கியம். கரன்ட் வந்ததும் லைன் எழுவதற்கு முன் பெட்டி எழுந்து, நேரம் வாங்க முடியாமல் விட்டுவிட்டிருக்கும்.

அறிகுறி 6: தாமதமாக வருகிறது, நடுவில் ஓட்டை

5 நிமிடத் தாமதம் என்றால் விட்டுவிடுங்கள். ஃபோர்ட்டிகேட் இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும். உடனுக்குடன் வேண்டுமானால் ரியல்டைம் என்று மாற்றலாம்.

மணிக்கணக்கில் தாமதம் என்றால் ஃபோர்ட்டிஅனலைசர் டேஷ்போர்டில் பெறும் வேகம், சேர்க்கும் வேகம் இரண்டையும் ஒப்பிடும் விட்ஜெட்டைப் பாருங்கள். பெறுவது மேலேயும் சேர்ப்பது கீழேயும் ஓடினால் லாக் தொலையவில்லை, டேட்டாபேஸில் ஏறக் காத்திருக்கிறது. விஎம் என்றால் சிபியூ, ரேம் கூட்டுங்கள். மெதுவான டிஸ்க் என்றால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். டேட்டாபேஸ் ரீபில்ட் கட்டளை இணையத்தில் எங்கு தேடினாலும் முதலில் வரும். அதை முதல் மருந்தாக எடுக்காதீர்கள். மூல லாக் அழியாது என்றாலும் பெட்டி ரீபூட் ஆகும், லாக் அதிகமென்றால் முடியும்வரை நீண்ட நேரம் தேடலும் ரிப்போர்ட்டும் அரைகுறையாக இருக்கும். ஒரே ஒரு ஏடாமில் (ஃபோர்ட்டிஅனலைசருக்குள் பிரித்து வைத்த நிர்வாகப் பகுதியில்) மட்டும் கோளாறு என்றால் அந்த ஏடாமை மட்டும் ரீபில்ட் செய்யலாம். அதையும் சனிக்கிழமை இரவு வைத்துக்கொள்ளுங்கள். செக் பாயின்ட்டில் லாக் கோப்பு வளர்கிறது, தேடலில் மட்டும் வரவில்லை என்றால் லாக் சர்வர் ஆப்ஜெக்ட்டில் இன்டெக்ஸிங் இயங்குகிறதா பாருங்கள்.

ஓட்டை விழுந்தால் லைனின் கொள்ளளவு. ஒரு லாக் 500 பைட் என்று வைத்தால், நொடிக்கு 100 லாக் என்பது 50 கிலோபைட், அதாவது 400 கேபிபிஎஸ் அப்லோடு. ஃபைபரில் இது ஒன்றுமில்லை. 4ஜி பேக்கப்பில், சிசிடிவி படமும் அதே லைனில் வேலூருக்குப் போகும் நேரத்தில், லாக்தான் முதலில் விழும். சிசிடிவிக்கு வரம்பு போடுங்கள்.

அறிகுறி 7: புதியது வருகிறது, பழையது காணோம்

ஃபோர்ட்டிஅனலைசரில் இயல்பான அமைப்பு: தேடக்கூடிய நிலையில் 60 நாள், ஆவணமாக 365 நாள். அதற்குள் அந்த ஏடாமுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்தால் நாள் கணக்கைப் பார்க்காமல் பழையது கழியும். 60 நாளைத் தாண்டியது என்றால் லாக் வியூவில் தேடாமல் ஆவணக் கோப்புகளில் தேடுங்கள், இருக்கும். 20 நாளிலேயே காணவில்லை என்றால் இடம் போதவில்லை.

செர்ட்-இன் கேட்பது 180 நாள். கணக்கு போடுங்கள்: எல்லாக் கிளையும் சேர்த்து நொடிக்கு 200 லாக், ஒன்று 500 பைட். ஒரு நாளுக்கு 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் லாக், சுமார் 8.6 ஜிபி. 180 நாளுக்கு 1,555 ஜிபி, சுருக்காத நிலையில். சுருக்கினால் குறையும், இன்டெக்ஸ் சேர்ந்தால் கூடும். 500 ஜிபி டிஸ்க் போட்டுவிட்டு நாள் எண்ணிக்கையை மட்டும் 180 என்று மாற்றுவது காகிதத்துக்குத்தான் உதவும். டிஸ்க் கூட்டுவதற்கு முன் அறிகுறி 4ல் சொன்ன டிஎன்எஸ் போன்ற சத்தத்தை (பயனில்லாமல் குவியும் லாக்கை) வெட்டுங்கள். பல இடங்களில் அதுவே போதும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

கிளை ஃபயர்வாலின் மின்விளக்கே எரியாதபோது, எரிந்தும் கன்சோல் கேபிளில் டிஸ்க் அல்லது ஃப்ளாஷ் எரர் வரும்போது, ரெய்டில் (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் அமைப்பில்) ஒரு டிஸ்க் சிவப்பாக நிற்கும்போது, லாக் சர்வீஸ் ஏறி ஏறி விழும்போது: நேரடியாக வென்டர் சப்போர்ட். ரெய்டு டிஸ்க்கைச் சோதனைக்காகப் பிடுங்கிச் செருகாதீர்கள். இரண்டாவது டிஸ்க்கும் போனால் 180 நாளும் போகும்.

லாக் யாராலோ வேண்டுமென்றே நிறுத்தப்பட்டிருந்தால் அது பழுது அல்ல. யார் அனுப்பும் அமைப்பை மாற்றினார் என்பதை அட்மின் ஆடிட் லாக்கில் பாருங்கள். உங்கள் ஆள் இல்லாத பெயரோ, நள்ளிரவு நேரமோ இருந்தால் எதையும் சரிசெய்ய முயலாமல் பாதுகாப்புச் சம்பவத்தைக் கையாளும் ஆளைக் கூப்பிடுங்கள். செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டிய சம்பவம் என்றால், கவனத்துக்கு வந்த நேரத்திலிருந்து 6 மணி நேரம்தான் கெடு.

கூப்பிடுவதற்கு முன் கையில் வைத்திருக்க வேண்டியவை: இரு பக்கத்தின் மாடல், சீரியல் எண், மென்பொருள் பதிப்பு (பனோரமா ஃபயர்வாலைவிடப் பழைய பதிப்பாக இருக்கக் கூடாது), கடைசி லாக் வந்த நிமிடம், அந்த நேரத்தை ஒட்டிச் செய்த மாற்றம், மேலே சொன்ன கட்டளைகளின் வெளியீடு, போர்ட்டில் இரு முனையிலும் ஒரே நேரத்தில் எடுத்த 2 நிமிட பாக்கெட் கேப்ச்சர் (லைனில் போகும் பாக்கெட்டின் பதிவு). இரு முனை கேப்ச்சர் இல்லாமல் டிக்கெட் போட்டால் முதல் பதிலாக அதைத்தான் கேட்பார்கள். ஒரு நாள் அதிலேயே போகும். டெக் சப்போர்ட் கோப்பைப் பதிவேற்ற ஆம்பூர் 4ஜி லைனை நம்பாமல், அதை முதலில் வேலூருக்கு இழுத்து அங்கிருந்து ஏற்றுங்கள்.